டோனி வீட்டு ஆனை

தூசி இழுக்கும் மிஷின் வந்த பிறகும் ஜெனிட்டாவுக்கு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் இழுப்பு வருவது நிற்கவில்லை.

இசபெல்லாவுக்கு அந்தச் சத்தம் தூக்கத்துக்குள்ளேயே கேட்டுவிடும். முதலில் கதவிடுக்கில் காற்று நுழைவதுபோல மெல்லிய விசில். பிறகு அது தடிக்கும். எழுந்து விளக்கைப் போட்டால் மகள் கட்டிலில் உட்கார்ந்து, உள்ளங்கைகளைத் தொடைமேல் ஊன்றித் தலையைக் குனிந்திருப்பாள். பதினான்கு வயது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் கழுத்துக் குழி உள்ளே போய்வரும். மூச்சுக்கு அடிக்கும் மருந்துப் பம்பை எடுத்துக் கொடுத்து, முதுகைத் தடவி, வெந்நீர் வைத்துக் கொடுத்தால் கோயிலில் முதல் மணி அடிக்கும்போது கொஞ்சம் அடங்கும். அன்றைய பூசைக்கு இரண்டு பேரில் ஒருவர்தான் போக முடியும்.

கணவன் டோனி நிலைப்படியில் நின்றபடி கேட்பான். உள்ளே வரமாட்டான்.

“மறுக்காவுமா?”

“ஆமாங்க.”

“பட்டறையில எங்க கைய வெச்சுத் தடவுனாலும் வெரல்ல ஒட்ட மாட்டேங்குது. அப்பறம் எங்கிருந்துதான் வருது இந்தத் தூசி?”

அவளிடம் கேட்பது போலத்தான் இருக்கும். பதில் தெரியாமல் நிற்பதே ஏதோ குற்றம் போல ஆகி, அவள் வெந்நீர்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அவர்கள் வீடு ஆண்டகளூர்க் கேட்டிலிருந்து உள்ளே போகும் சாலையில், மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே இருந்தது. வீட்டின் பின்பக்கச் சுவரை ஒட்டித் தகரம் வேய்ந்த கொட்டகைதான் பட்டறை. டோனி நாமக்கல்லில் ஒரு லாரி பாடி கட்டும் இடத்தில் வெகுகாலம் வேலை பார்த்தவன். பிறகு தனியாக, லாரி கேபினின் உள்வேலை மட்டும் எடுத்துச் செய்யத் தொடங்கினான். டிரைவர் தலைக்கு மேலே துணிமணி வைக்கும் பெட்டி, படுக்கைப் பலகை, கண்ணாடிக்குக் கீழே சாமி படம் வைக்கும் சின்னக் கோபுர மாடம். மாடம் செய்வதில் அவனுக்குப் பேர் இருந்தது. தேக்கில் தூண் கடைந்து, உள்ளே சிவப்பு பல்பு எரிய வழி விட்டு, முருகனுக்கு ஒரு மாதிரி, அங்காளம்மனுக்கு ஒரு மாதிரி. அந்தோணியாருக்கு எப்போதாவதுதான் ஆர்டர் வரும். இசபெல்லா அதே கேபின்களுக்குத் திரைச்சீலை தைப்பாள். வெல்வெட் துணி, ஓரத்தில் குஞ்சம். இரண்டு பேர் வேலையும் ஒரே லாரியில் போய் உட்கார்ந்து, டெல்லிக்கும் கல்கத்தாவுக்கும் ஓடும்.

தேக்குத் தூள் கனமானது, விழுந்த இடத்தில் கிடக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகைதான் மோசம். அதை அறுத்தால் மைதா போல எழும்பி, சுவரில், கொசுவலையில், சோற்றுப்பானை மூடியில் என்று எங்கும் படியும். ஜெனிட்டாவின் நெஞ்சைத் தட்டிப் பார்த்த சேலம் டாக்டர், அது எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்துவிட்டு, “ஒண்ணு தூசி போகணும், இல்ல புள்ள போகணும்” என்றார். தூசி போகவில்லை. பிள்ளையைச் சூரமங்கலத்தில் டோனியின் அக்கா அக்சிலியா வீட்டில் விட்டார்கள். அக்சிலியாவுக்குப் பிள்ளைகள் இல்லை. எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் அங்கிருந்துதான். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவாள், ஞாயிறு மத்தியானம் போய்விடுவாள்.

பத்தாவதுக்கு வீட்டுக்கே வந்துவிட வேண்டும் என்பது டோனியின் கணக்கு. அதற்குத்தான் மிஷின். கோயமுத்தூரில் கண்காட்சி பார்க்கப் போனவன், அதைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் வேறு பேச்சே பேசவில்லை. வெளிநாட்டுச் சரக்கு. ரம்பத்தோடும் தேய்ப்பு மிஷினோடும் குழாயைப் பொருத்திவிட்டால், ரம்பம் சுற்றத் தொடங்கியதும் அதுவும் தானாக எழுந்து, பல்லில் இருந்தே தூசியை இழுத்துக்கொள்ளும். அந்தக் காசுக்கு உள்ளூரில் நாலு மிஷின் செய்யலாம் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். டோனி ஆம்னி வேனை விற்றுவிட்டு அதை வாங்கினான்.

ஆயுத பூஜை சமயத்தில் வந்து இறங்கியது. பங்குச் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். மாடம் வாங்க வந்திருந்த லாரி ஓனர் குருமூர்த்தி, “இருக்கட்டுமுங்க, எல்லாச் சாமியும் பாத்துக்கட்டும்” என்று அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பக்கத்துக் காட்டுக் குஞ்சம்மாள் வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

“ஏஞ்சாமி டோனி, தும்பிக்கையெல்லாம் வெச்சிருக்குது! ஆனையையா வாங்கியாந்திருக்கறே?”

அன்றிலிருந்து அது ஆனை.

பொருத்திக் கொடுக்க வந்த தமிழரசு என்ற பையன், வயிற்றுப் பகுதியைத் திறந்து உள்ளே இருந்த வெள்ளைத் துணிப் பையைக் காட்டினான். “பை ரொம்புனதும் வாயை மூடி அப்பிடியே தூக்கிப் போட்டுருங்க சார். கொட்டாதீங்க, தட்டாதீங்க. புதுப் பை போட்டுக்குங்க.” டோனி தலையாட்டினான். பையன் வண்டியை எடுத்ததும், “பை விக்கறதுக்குச் சொல்லுவானுங்க” என்று சிரித்தான். இசபெல்லாவும் சிரித்தாள். அந்தப் பக்கத்தில் கோழிப் பண்ணைத் தீவனச் சாக்கையே உள்வெளியாகத் திருப்பித் தட்டி, அடுத்த தடவைக்கு மடித்து வைப்பார்கள். நல்ல துணியை யார் தூக்கிப் போடுவார்கள்?

டோனி அந்தப் பையின் அடிப்பக்கத்தை நேர்கோடாக அறுத்தான். இரண்டு தேக்குச் சட்டங்களை இழைத்து, நடுவில் பள்ளம் எடுத்து, இரண்டு முனையிலும் காதுவைத்த நட்டுப் போட்டு, பையின் அடியைக் கவ்வும்படி ஒரு பிடிக்கட்டை செய்தான். நட்டைத் தளர்த்தினால் பை திறந்துகொள்ளும். முடுக்கினால் சொட்டுத் தூள் கசியாது. ஒரு மாடத்துக்குச் செலவழிக்கும் நேரத்தை அதற்குச் செலவழித்தான். சட்டத்துக்குப் பாலீஷ்கூடப் போட்டான்.

ஆனால் இழுப்பு நிற்கவில்லை. கிறிஸ்மஸ் லீவுக்கு வந்த ஜெனிட்டா பாதியிலேயே சூரமங்கலத்துக்குத் திரும்பினாள். பொங்கலுக்கு வரவேயில்லை. போனில் அக்சிலியா, “புள்ள இங்க நல்லாத்தானே இருக்கறா. எதுக்கு இழுத்தடிக்கறீங்க? பத்தாவதையும் இங்கியே முடிக்கட்டும்” என்றாள். அவள் குரலில் சந்தோஷம் இருந்ததா என்று இசபெல்லா தையல் மிஷினில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தாள். இருந்திருந்தாலும் தப்பில்லைதான். இரண்டு வருஷமாகத் தலை பின்னிவிடுகிறவள். ஆனாலும் குஞ்சம் கோணிக்கொண்டது. பிரித்து மறுபடி தைக்க வேண்டியிருந்தது.

யார்மேலாவது கோபப்பட முடிந்தால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றும். தூசியின்மேல் எப்படிக் கோபப்படுவது? அவள் விரலால் ஜன்னல் கம்பியைத் தடவிப் பார்ப்பாள், சுத்தம். கட்டிலுக்கடியில் ஈரத்துணி போட்டுத் துடைப்பாள், சுத்தம். டோனியும் முன்னைவிடச் சுத்தமாகத்தான் இருந்தான். சனிக்கிழமை அவள் மகளைக் கூட்டிவரச் சேலத்துக்குப் பஸ் ஏறிப் போனால், திரும்பி வருவதற்குள் பட்டறையைக் கூட்டி, வாசலுக்குத் தண்ணீர் தெளித்து, மகள் படுக்கும் நீலப்பூப் போட்ட பெட்ஷீட்டைத் தானே துவைத்துக் காயப்போட்டு விரித்து வைத்திருப்பான். எத்தனை ஆம்பிளைகள் செய்வார்கள்? கோயிலில் பெண்கள் இதைச் சொல்லி அவளைக் கிண்டல் செய்வார்கள்.

“ஊட்டுக்காரரு துணி தொவைக்கறாராமா? உனக்கென்ன புள்ள, மகாராணி!”

தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, வழக்கம்போல மகளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகு, டோனி பட்டறைக்குப் போகாமல் வெறும் தரையில் படுத்தான்.

“மூடிரலாம் புள்ள.”

“எதைங்க?”

“பட்டறைய. நாமக்கல்லுக்கே திரும்பப் போயிர்றேன். கூப்புட்டா எடுத்துக்குவானுங்க. நாலு பேரு சிரிப்பானுங்க, சிரிச்சுட்டுப் போறானுங்க. ஆனைய வித்தா பாதியாச்சும் வரும்.”

“அவசரப்படாதீங்க. ஜூனுக்குத்தான் இன்னும் நாளிருக்குதில்லீங்க.”

“நாளிருந்து? மிஷினு பொய்யாப் போச்சு. நாந்தான் ஏமாளி.”

ஒருமுறை ஒரு மாடம் இணைப்பு விட்டுப்போய்த் திரும்பி வந்தபோது, அவன் நாள்கணக்கில் யாரோடும் பேசாமல் இருந்தான். திட்டமாட்டான், அடிக்கமாட்டான். முகம் அணைந்து போய்விடும். சோறு போட்டால் சாப்பிடுவான். அந்த முகத்தோடு ஒரே வீட்டில் இருப்பது எப்படி என்று அவளுக்குத்தான் தெரியும். அந்த முகம் வராமல் பார்த்துக்கொள்வதே கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய வேலைகளில் ஒன்றாக இருந்தது. அதை வேலை என்று அவள் நினைத்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் ஆண்டகளூர்க் கேட்டுக்கு நடந்து, பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது அக்சிலியா போனில் கூப்பிட்டாள். அவள் வீட்டுக்காரர் அலெக்சுக்கு ராசிபுரத்தில் ஒரு வேலை இருக்கிறதாம், காரில் வரும்போது பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிடுகிறாராம். இசபெல்லா திரும்பினாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. சாலையில் நடக்காமல் மரவள்ளிக் காட்டு வரப்பில் குறுக்கே வந்தாள். வீட்டின் பின்பக்கம் வந்து சேரும் வழி.

தப், தப் என்று சத்தம் கேட்டது.

கொட்டகைக்குப் பின்னால் தென்னைமரத்தடியில் டோனி நின்றிருந்தான். முகத்தில் துண்டைச் சுற்றியிருந்தான். பிடிக்கட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, வாரம் முழுக்க ஆனை இழுத்து வைத்திருந்த தூளைச் சாக்கில் கொட்டிவிட்டு, வெறும் பையை இரண்டு கையாலும் பிடித்து மரத்தில் ஓங்கி அறைந்துகொண்டிருந்தான். ஒவ்வோர் அறைக்கும் புகை எழும்பியது. சாயங்கால வெயிலில் அது பொன்னாக இருந்தது. அழகாகக்கூட இருந்தது. தரையில் விழவில்லை. மேற்குக் காற்றில் சாய்ந்து, மெதுவாக, கொடியில் காய்ந்த நீலப்பூப் பெட்ஷீட்டுக்குள் போய்க் காணாமல் போனது.

டோனி ஒரு கோயில் பாட்டை முனகிக்கொண்டிருந்தான். பையைத் திருப்பிப் பார்த்தான், மூலையில் விரலை விட்டுச் சுண்டினான், மறுபடி அறைந்தான். பிள்ளை வருகிற நாள். ஒரு பொட்டுத் தூசி இருக்கக்கூடாது.

இசபெல்லா மரவள்ளிச் செடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டாள். வாயைத் திறந்தாள். ‘நிறுத்துங்க’ என்று ஒரு சொல். அது வரவில்லை. வந்தது அவன் முகம், இந்த ஒரு சொல்லைக் கேட்ட பிறகு அவனுக்கு வரப்போகிற முகம். பிள்ளையின் கழுத்துக் குழி உள்ளே போனதெல்லாம் தன் கையால்தான் என்று தெரிந்தால் அந்த முகம் திரும்ப விளக்கேறுமா? சொல்வதா வேண்டாமா என்று அவள் நின்ற இடத்திலிருந்தே கணக்குப் போட்டுவிட்டாள். கணக்குப் போட்டுவிட்டோம் என்று பிறகு தெரிந்தபோது தன்மேலேயே எரிச்சல் வந்தது.

நேராகப் போய்ப் பெட்ஷீட்டை இழுத்தாள்.

“அட, நீ போகலியா?” என்றான் டோனி, துண்டை இறக்கி. “அது காஞ்சிருச்சு, உள்ள கொண்டுபோய் விரிச்சுரு.”

“காக்கா எச்சம் போட்டிருக்குதுங்க. மறுக்காத் தொவைக்கறேன்.”

“எங்க, காட்டு?”

“அதான் சொல்றேனில்லீங்க.”

அன்று வேறு பெட்ஷீட். ஞாயிறு விடிகாலை விசில் லேசாகத்தான் வந்தது.

அதற்கு அடுத்த வாரம் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். “பஸ்சுல ஆட்டம் தாங்கலீங்க. இனிமேப்பட்டு நீங்களே பைக்குல போய்க் கூட்டியாந்துருங்க.”

“போலாம். பைய யாரு தட்டறது?”

“நான் தட்டறேன்.”

“ஓங்கித் தட்டோணும் புள்ள. மூலையில நின்னுக்கும். உனக்குக் கை வலிக்கும்.”

“பாத்துக்கறேங்க.”

திரைச்சீலைக் காசில் அவள் தமிழரசுவிடம் போன் போட்டுப் புதுப் பைகள் வரவழைத்தாள். துணிப் பெட்டிக்கடியில் ஒளித்து வைத்தாள். டோனி சனிக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியதும், நிரம்பிய பையின் வாயை மூடி ஈரத்துணியில் சுற்றி, காட்டோரத்துக் குழியில் போட்டு மண் தள்ளுவாள். பிறகு உட்கார்ந்து, புதுப் பையின் அடியைக் கத்தரியால் அறுத்து, அதில் அவன் செய்த பாலீஷ் போட்ட பிடிக்கட்டையை மாட்டி, நட்டை முடுக்குவாள். நல்லதாக இருக்கிற ஒன்றைக் கெடுத்து, கெடுத்ததை ஒட்டவைக்கும் அந்த வேலையைச் செய்யும்போது நட்டைச் சரியாகப் பார்க்காமலே திருகுவாள். கோபத்தில்தான். பை மிகவும் வெள்ளையாகத் தெரிந்தால் கொஞ்சம் தூளை எடுத்து மேலே பூசவும் செய்தாள்.

ஒருநாள் குஞ்சம்மாள் ஆட்டோடு வந்து நின்று இதைப் பார்த்துவிட்டாள்.

“ஏம்புள்ள, புதுத்துணியக் கிழிச்சு அதுல பழைய கட்டைய மாட்டறே? உனக்கென்ன கிறுக்குப் புடிச்சிருக்குதா?”

இசபெல்லாவுக்கு யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. சொன்னாள். குஞ்சம்மாள் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

“சொல்லிப்போட்டா தீந்துச்சு. ரண்டு நாளு மூஞ்சியத் தூக்குவான். தூக்கட்டுமே.”

“உங்களுக்குத் தெரியாதுங்க.”

“எனக்கா தெரியாது? என்ற ஊட்டுக்காரன் மூஞ்சிய நானுந்தான் தாங்குனேன். செத்தப்பறந்தான் எறக்கி வெச்சேன்.” ஆட்டைத் தட்டி ஓட்டினாள். “நீ தாங்கு, தாங்கு. நல்லாத் தாங்கு.”

இழுப்பு நின்றுவிட்டது. ஒரு ஞாயிறு, இன்னொரு ஞாயிறு. விடிகாலையில் இசபெல்லா விழித்துக்கொண்டு காத்திருப்பாள். மகள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருப்பாள். மூன்று பேரும் ஒன்றாகப் பூசைக்குப் போனார்கள். டோனி முன்பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

மிஷின்மேல் அவனுக்கு மறுபடியும் நம்பிக்கை வந்தது. ஆனால் மிஷின் அப்போதும் ஓடியது, இப்போதும் ஓடுகிறது. நடுவில் மாறியது என்ன? அவன் யோசித்தான். யோசித்துக் கண்டுபிடித்தும் விட்டான்.

“பஸ்சு” என்றான் ஒருநாள், தூண் கடைந்துகொண்டே.

“என்னதுங்க?”

“பஸ்சுதான் புள்ள! நீ கூட்டியாந்தப்பவெல்லாம் இழுப்பு. நான் கூட்டியாந்தா இல்ல. நான் புள்ளைக்கு ஹெல்மெட்டுப் போட்டுக் கண்ணாடிய எறக்கிக் கூட்டியாறேன். நீ ஜன்னலோரம் உக்கார வெச்சிருப்பே. ரோட்டுப் புழுதி முச்சூடும் புள்ள நெஞ்சுக்குள்ள.”

“ஜன்னலோரம் நாந்தாங்க உக்காருவேன்.”

“எல்லா நாளுமா? நெனப்பிருக்குதா உனக்கு?”

அவன் திட்டவில்லை. பெருந்தன்மையாகவே சொன்னான். “போகட்டும் உடு, வேணும்னா பண்ணுனே?” என்றான். அந்த மன்னிப்புத்தான் அவளுக்கு ஆகவில்லை. பிறகு அந்தப் பஸ் கதை ஊரெல்லாம் போயிற்று. குருமூர்த்தியிடம் சொன்னான், பங்குச் சாமியாரிடம் சொன்னான். பூசை முடிந்து வெளியே வந்தபோது, துணி துவைக்கும் கணவனைச் சொல்லிக் கிண்டல் செய்த பெண்களே, “பஸ்சுல துப்பட்டாவையாச்சும் மூக்குல கட்டியிருக்கக் கூடாதா இசபெல்லா?” என்றார்கள். அவள், “ஆமாங்க, தோணாமப் போச்சு” என்றாள். சொன்ன பிறகு, உண்மையிலேயே தனக்குத் தோன்றாமல் போய்விட்டதோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

ஈஸ்டருக்கு அக்சிலியாவும் அலெக்சும் வந்தார்கள். நாற்பது நாள் நோன்பு கழித்து வீட்டில் கோழி. தேங்காய்ச் சில்லும் வரமிளகாயும் போட்டு இசபெல்லா வறுத்திருந்தாள், ஒரு சட்டியில் குழம்பும் வைத்திருந்தாள். வெளியே கண்ணைத் திறக்க முடியாத வெயில். மரவள்ளி இலைகள் தொங்கிக் கிடந்தன. ஃபேன் காற்றும் சூடாகவே வந்தது. சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

“அப்ப ஜூன்ல புள்ளைய இங்கியே சேத்தர்றீங்க?” என்று கேட்டாள் அக்சிலியா. எலும்பை ஓரம் வைத்தாள். அவள் கண் கொஞ்சம் சிவந்திருந்தது, மிளகாயாலும் இருக்கலாம்.

“பின்னே? பாத்தயில்ல, எத்தன வாரமாச்சு!” டோனி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். “ஆனை சும்மாவா? பஸ்சுன்னு தெரியாம நாந்தான் அதையப் போட்டு வஞ்சுக்கிட்டிருந்தேன்.”

“நானும் சொல்லோணும்னே இருந்தேன்” என்றாள் அக்சிலியா. “ஏம்மா இசபெல்லா, தப்பா நெனக்காத. எங்கூட்டுல இருக்கறப்ப ஒரு நாளு இழுத்ததில்ல. பள்ளிக்கூட வேனுல அனுப்பறேன், கதவ நான் நின்னு சாத்தறேன். இங்க வந்தா நீதான் பாத்துக்கோணும். கொஞ்சம் கவனம் வேணும் புள்ள விசயத்துல.”

“பாத்துக்குவா, பாத்துக்குவா” என்றான் டோனி. “நான் இருக்கறனில்ல.”

அலெக்ஸ் ரசம் கேட்டார். இசபெல்லா ஊற்றினாள். ஜெனிட்டா பாதிச் சாப்பாட்டில் எழுந்து, தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

“சாமி, சோறு வெச்சுட்டுப் போறே?” என்று டோனி கூப்பிட்டான்.

இசபெல்லா பின்னாலேயே போனாள். குழாயடியில் மகள் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றிருந்தாள். தட்டைக் கழுவவில்லை.

“என்ன கண்ணு?”

“எனக்குத் தெரியும்மா.”

“என்ன தெரியும்?”

“பஸ்சு இல்லன்னு.”

இசபெல்லா குழாயை மூடினாள்.

“அந்தத் தென்னமரத்துல ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருந்துச்சு” என்றாள் ஜெனிட்டா. “என்னன்னு தொட்டு மோந்து பாத்தேன். பெட்ஷீட்டுல வர்ற அதே வாசம். அப்பறம் சாக்கையும் பாத்தேன்.”

“எப்ப?”

“கிறிஸ்மஸ் லீவுல.”

“அப்பவே ஏஞ்சாமி சொல்லல?”

“நீ ஏம்மா சொல்லல?”

உள்ளே அக்சிலியா எதற்கோ சிரித்தாள். ஜெனிட்டா விரலால் தட்டிலிருந்த சோற்றை ஒதுக்கினாள்.

“அப்பா அவரே தொவைச்சு விரிச்சிருப்பாரு. வாசம் நல்லாருக்குதா சாமின்னு கேப்பாரு. நல்லாருக்குதுப்பான்னு சொல்லீட்டுப் படுத்துக்குவேன். பம்பு இருக்குதில்ல, அடிச்சுக்கலாம்னு.”

இவ்வளவு சாதாரணமாக. மூச்சை விட்டுக்கொடுத்துவிட்டு ஓர் ஆளுடைய முகத்தைக் காப்பாற்ற இந்தப் பிள்ளைக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. நிலைப்படிக்கு உள்ளேயும் வெளியேயும் பார்த்துப் பார்த்துத் தானாகவே கற்றிருக்கிறாள். நாளைக்கு இன்னொரு வீட்டில், இன்னொரு முகத்துக்கு, கத்தரியை எடுத்துப் புதுத்துணியை அறுத்துக்கொண்டு உட்காருவாள். கோபம் டோனிமேல் வந்தது, அக்சிலியாமேல் வந்தது, கடைசியில் தன்மேல் வந்து நின்றது. எத்தனையோ மாதமாகத் தேடிய கோபம் இது. இப்போது அதைப் பிடித்துக்கொள்ள இடம் இருந்தது.

“வா” என்றாள்.

“வேண்டாம்மா. நல்ல நாளு.”

“வா சாமி.”

உள்ளே போய், பரிமாறுகிற கரண்டியை எடுக்காமல், டோனிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“பஸ்சு இல்லீங்க.”

“ஆ?”

“சனிக்கிழமை பொழுதோட நீங்க தென்னமரத்துல பையத் தட்டுறீங்களே, அதுதான். அது அத்தனையும் பெட்ஷீட்டுல போய் உக்காந்துச்சு. நான் பாத்தேன். அதுக்குத்தான் உங்களைச் சேலத்துக்கு அனுப்பிச்சேன். நான் ஒரு நாளும் தட்டல. புதுப் பை வாங்கி மாத்தறேன்.”

டோனி முதலில் சிரித்தான். அக்காவைப் பார்த்தான், அலெக்சைப் பார்த்தான். “என்ன பேசறா இவ? காத்துல போறது எப்பிடிப் பெட்ஷீட்டுக்குப் போவும்?”

“ஆமாப்பா” என்றாள் ஜெனிட்டா, கதவருகில் நின்றபடி.

டோனியின் சிரிப்பு நின்றது. கையை உதறிவிட்டு எழுந்து பட்டறைக்குப் போனான். ஆனையின் வயிறு திறக்கும் சத்தம் கேட்டது. யாரும் சாப்பிடவில்லை. அக்சிலியா, “நல்ல நாளதுவுமா எதுக்கும்மா இதெல்லாம்?” என்று மெதுவாகச் சொன்னாள்.

அவன் பிடிக்கட்டையோடு திரும்பி வந்தான். எச்சில் கை கட்டையில் பட்டிருந்தது.

“இந்த நட்ட இப்பிடியா முடுக்குவாங்க?” என்றான். “கோணலா ஏத்தியிருக்கறே. நூலு போயிருச்சு பாரு.”

இசபெல்லா பார்த்தாள். நட்டின் மரை தேய்ந்துதான் போயிருந்தது.

“போகட்டுங்க” என்றாள். “அந்தக் கட்டையே வேண்டாம். பைய அறுக்காம அப்பிடியே போடோணும். அந்தப் பையன் வந்தன்னைக்கே சொன்னான்.”

டோனி உட்கார்ந்தான். கட்டையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். யாரையும் பார்க்காமல் கேட்டான்.

“ரண்டு பேருத்துல ஒருத்தராச்சும் எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?”

“இப்ப உங்க மூஞ்சி இருக்குது பாருங்க” என்றாள் இசபெல்லா. “இதுக்குத்தான் சொல்லல.”

அவன் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். துடைத்தும் அது அப்படியே இருந்தது. இரண்டு நாளோ, பத்து நாளோ, அது அப்படியேதான் இருக்கப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்துபோய் ஏதாவது சொல்லி அதை எடுத்துவிட வேண்டும் என்று உடம்பு பரபரத்தது. அவள் உட்கார்ந்தே இருந்தாள். அது சுலபமாக இல்லை.

அக்சிலியாதான் பேசினாள். “அப்ப ஜூனுக்கு எப்பிடி? இங்கியா, அங்கியா?”

டோனி தலையை நிமிர்த்தி மகளைப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள். ஜெனிட்டா அம்மாவைப் பார்த்தாள். அம்மா எதையும் காட்டவில்லை. அவள் கையிலிருந்த தட்டோடு தன் இடத்தில் வந்து உட்கார்ந்து, சோற்றில் கை வைத்தாள்.

“அப்பா பைய மாத்தப் பழகட்டும்” என்றாள். “நாலு வாரம் அவரே மாத்தட்டும். நான் வந்து படுத்துப் பாக்கறேன். அப்பறம் சொல்றேன்.”

டோனி அணைந்த முகத்தோடேயே சட்டியைத் தன் பக்கம் இழுத்து, தேங்காய்ச் சில்லாகப் பொறுக்கி மகள் தட்டில் வைத்தான். அவள் அதில் இரண்டை எடுத்துத் திரும்பச் சட்டியில் போட்டாள்.

“போதும்ப்பா” என்றாள்.